சமாளிப்பு போதும், ஒரு பியூஸ் போடுங்கோ

யாழ்ப்பாணத்துக் கராச்சுகளில் ஸ்பனரைவிடக் கூடுதலாகக் கைமாறுவது "சமாளிக்கலாம்" என்ற சொல். பெல்ற் வெடிச்சிருக்கே? சமாளிக்கலாம். பியூஸ் எரிஞ்சிட்டுதே? சிகரெட் பெட்டிக்குள்ள இருக்கிற வெள்ளித்தாளைச் சுத்தினால் சமாளிக்கலாம். தண்ணி கொதிக்குதே? ஒரு பழைய கார் ஃபானைப் பூட்டி, முன்னுக்கு ஒரு சுவிட்ச் வச்சால் சமாளிக்கலாம்.

இந்தக் கட்டுரை கடைசியாகச் சொன்ன அந்த ஃபானைப் பற்றியது. பழைய லொறிக்கு வெளியில வாங்கின மின்விசிறி பூட்டி வயர் இழுக்கிற வேலை. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இதில என்ன கதை என்று கேட்கலாம். எங்கட குழுவில் பாதிப்பேர் வலிகாமம் வடக்குப் பிள்ளைகள். எங்கட வீடுகளில் வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலை, சல்லி, மணல் என்று ஏதோ ஒன்று லொறியில் ஏறித்தான் சோறு வந்திருக்கு. பல்கலைக்கழகத்துக்குக் கட்டின பஸ் காசும் அதில இருந்து வந்ததுதான். அதனால் லொறிக்கு முன்னால் சுத்துகிற அந்தக் கறுப்பு விசிறி எங்களுக்கு அந்நியமான பொருள் இல்லை.

எங்கட கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தெல்லிப்பழையிலும் சுன்னாகத்திலும் இப்போது பூட்டப்படுகிற இந்த ஃபான்களில் பல தேவையில்லாத இடத்தில், பிழையான காரணத்துக்காக, ஆபத்தான முறையில் பூட்டப்படுகின்றன. இதற்குக் காரணம் மெக்கானிக்மாரின் அறிவுக் குறைவு என்று நாங்கள் நம்பவில்லை. சமாளிப்பை ஒரு பெருமையாகக் கொண்டாடுகிற எங்கட ஊர்ப் பழக்கம்தான் காரணம்.

ஏன் எல்லாரும் ஃபான் மாத்தினம்?

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. கிட்டத்தட்ட ஐந்து வருடம் கழித்து, 2025 தொடக்கத்தில்தான் கதவு முழுசாகத் திறந்தது. திறந்த பிறகும் வரியைக் கூட்டிப் பார்த்தால் ஒரு தோட்டக்காரருக்குப் புது லொறி கனவுதான். ஆக, எங்கட ரோட்டில் ஓடுகிறவை எங்களைவிட வயது கூடின கன்ரர், எல்ஃப் லொறிகள். ஜப்பானில் ஒரு வாழ்க்கை முடித்து, இங்கே இரண்டாவது வாழ்க்கையின் கடைசிக் காலத்தில் நிற்கிறவை.

அடுத்தது டீசல் விலை. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாவானது. எஞ்சினோடு பூட்டின விசிறி எஞ்சின் சுத்துகிற நேரமெல்லாம் சுத்தும், எஞ்சினின் பலத்தில் ஒரு பங்கைத் தின்னும். மின்விசிறி தேவைப்படுகிற நேரம் மட்டும் சுத்தும். எனவே டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்ற கதை அந்த வருடத்தில் நல்லா எடுபட்டது. கதை முழுப் பொய்யும் இல்லை. கார்கள் எல்லாம் மின்விசிறிக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது காரணம்தான் எங்கட ஊருக்குரியது. லொறி சூடாகிறது. ஏன் சூடாகிறது என்று பார்க்க நேரமில்லை. நாளைக்கு விடிய முதல் தம்புள்ளைக்கு லோட் ஏத்த வேணும். ஃபான் ஒன்று பூட்டினால் ஏதோ செய்த மாதிரி இருக்கும்.

முதலில் கேத்திலைப் பாருங்கோ

உங்கட வீட்டுக் கேத்திலைத் திறந்து உள்ளே பாருங்கோ. அடியில் வெள்ளையாக ஒரு படை பிடித்திருக்கும். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருகிறது. காங்கேசன்துறையில் 1950 இல் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியதே இந்தக் கல்லை நம்பித்தான். அந்தக் கல்லில் ஊறின தண்ணியைச் சூடாக்கினால் கரைந்திருந்த சுண்ணாம்பு வெளியே வந்து சூடான இடத்தில் ஒட்டும். கேத்தில் அடியில் நடப்பது இதுதான். லொறியின் ரேடியேற்றருக்குள்ளும் எஞ்சின் தண்ணிப் பாதைக்குள்ளும் நடப்பதும் இதுதான். வித்தியாசம் ஒன்றுதான். கேத்திலைத் திறந்து பார்க்கலாம், எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்கலாம்.

ரேடியேற்றர் செம்பு அல்லது அலுமினியம். இரண்டும் வெப்பத்தை நல்லாகக் கடத்தும். சுண்ணாம்புப் படை கடத்தாது, அலுமினியத்தோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்குகூட வராது. மெல்லிய குழாய்க்குள் அது படியப் படிய, தண்ணி ஓடுகிற வழியும் குறுகும். இப்படி அடைபட்ட ரேடியேற்றருக்கு முன்னால் எவ்வளவு காற்று அடிச்சாலும் என்ன பயன்? உள்ளே இருக்கிற சூடு வெளியே வந்தால்தானே காற்று அதைக் கொண்டு போகும்.

அதனால் எங்கட முதல் வாதம்: ஃபான் கடைசி மருந்து. அதுக்கு முதல் பார்க்க வேண்டியவை இருக்கு. ரேடியேற்றர் அடைபட்டிருக்கா? மூடி அழுத்தத்தைப் பிடிக்குதா? நல்ல மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும். அந்த அழுத்தத்தில் தண்ணி 100 பாகையில் கொதிக்காது, 118 பாகை செல்சியஸ் வரைக்கும் தாக்குப் பிடிக்கும். மூடியின் ரப்பர் வெடிச்சிருந்தால் இந்தப் பாதுகாப்பு முழுக்கப் போய்விடும். லொறியின் ஆக மலிவான பாகங்களில் ஒன்று அது.

பிறகு தேர்மோஸ்ராற். "இந்த வெயிலுக்கு இது எதுக்கு" என்று அதைக் கழட்டி எறிகிற வழக்கம் எங்கட பக்கம் பரவலாக இருக்கு. பல எஞ்சின்களில் தேர்மோஸ்ராற் திறக்கும்போது ரேடியேற்றரைச் சுற்றிப் போகிற குறுக்குப் பாதையையும் அதுதான் மூடும். அதைக் கழட்டினால் குறுக்குப் பாதை எப்போதும் திறந்தே கிடக்கும். கொதிதண்ணியில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குள் போகாமலே திரும்பி எஞ்சினுக்குள் வரும். சூட்டைக் குறைக்கக் கழட்டினது சூட்டைக் கூட்டும்.

கடைசியாக, எஞ்சினோடு இருக்கிற பழைய விசிறியின் நடுவில் இருக்கும் கிளச். அதற்குள் சிலிக்கன் எண்ணெய் இருக்கும். சூடான காற்றுப் பட்டால் கிளச் விசிறியைப் பிடித்துச் சுத்தும். எண்ணெய் ஒழுகிப்போனால் விசிறி சும்மா சோம்பலாகச் சுத்தும். எஞ்சின் நல்லாகச் சூடாகி நிற்கும்போது எஞ்சினை நிப்பாட்டி, கையால் விசிறியைச் சுத்திப் பாருங்கோ. தடை இல்லாமல் பல சுற்றுச் சுத்தினால் கிளச் போய்விட்டது. பிரச்சினை அங்கே இருக்கும்போது புது மின்விசிறி பூட்டுவது, காலில் முள்ளு ஏறினதுக்குப் புதுச் செருப்பு வாங்குகிற மாதிரி.

பெரிய உடம்புக்குச் சின்ன விசிறி

காரில் இருந்து கழட்டின ரிகண்டிஷன் மின்விசிறி ஒன்று சராசரியாக 12 வோல்ட்டில் 20 அம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். 240 வாற். எஞ்சினோடு பூட்டின லொறி விசிறி முழுவேகத்தில் சில கிலோவாற் இழுக்கும். அதாவது பத்து மடங்குக்கு மேல். டீசல் மிச்சம் என்று சொல்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் காட்டித்தான் சொல்கிறார்கள். ஆனால் அதே வித்தியாசம்தான் காற்றின் வித்தியாசமும். அந்தக் கிலோவாற் எங்கேயும் காணாமல் போகவில்லை, காற்றாக ரேடியேற்றருக்குள்ளால் போகிறது.

குடாநாடு தட்டையானது. வெறும் லொறி ரோட்டில் ஓடும்போது எதிர்க்காற்றே போதும், மின்விசிறி நிற்கும். அதனால் பூட்டின முதல் கிழமை எல்லாம் சரியாகத்தான் தெரியும். சோதனை வருவது வேறு இடத்தில்: முழு லோட்டோடு, மதிய வெயிலில், காற்று முதுகுப் பக்கத்தால் அடிக்கும்போது, ஏ9 வீதியில் ஊர்ந்துபோகும் நேரம். அல்லது தம்புள்ளை தாண்டி மாத்தளைப் பக்கம் ஏற்றம் ஏறும்போது. அங்கே வேகம் குறைவு, எஞ்சின் வேலை அதிகம், எதிர்க்காற்று இல்லை. லொறிக்கு அதன் பழைய விசிறி தேவைப்படுகிற நேரம் அதுதான்.

ஆகவே எங்கட இரண்டாவது வாதம்: பாரம் ஏத்துகிற லொறிக்கு எஞ்சின் விசிறியைக் கழட்டிப்போட்டு மின்விசிறி வைக்காதீர்கள். துணைக்கு வைக்கலாம். சந்தையில் நின்று ஓடுகிறபோதோ, ஏசி பூட்டின லொறிக்கோ துணை விசிறி உதவும். சின்ன வாகனத்தில், சரியான அளவு ஃபான், ரேடியேற்றரின் முழு முகத்தையும் மூடுகிற கூண்டோடு கிடைத்தால் முழுசாக மாத்தவும் செய்யலாம். கூண்டு இல்லாத ஃபான் தனக்கு முன்னால் இருக்கிற வட்டத்துக்குள்ளால் மட்டும் காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும்.

பூட்டுகிற முறையிலும் ஒரு வார்த்தை. ரேடியேற்றரின் செதிலுக்குள்ளால் பிளாஸ்ரிக் ஊசியைக் குத்தி இறுக்குகிற முறை ஒன்று இருக்கு. ஐந்து நிமிசத்தில் வேலை முடியும். பிறகு லொறி குலுங்கக் குலுங்க அந்த ஊசி குழாயை உரசும், ஒரு நாள் ஓட்டை வரும். இரும்புப் பட்டி வைத்து ரேடியேற்றரின் சட்டத்தில் இறுக்குங்கோ.

இப்ப வயருக்கு வருவம்

எங்கட குழுவில் ஒருத்தரின் மாமா லொறி வைத்திருக்கிறார். வெங்காயம் ஏத்தித் தம்புள்ளைக்குப் போகிறவர். பெயர் வேண்டாம், பூட்டின இடமும் வேண்டாம். ஃபான் பூட்டின மூன்றாம் மாதம் கிளிநொச்சி தாண்டின பிறகு ரப்பர் எரிகிற மணம் வந்திருக்கு. நிப்பாட்டிப் பார்த்தால் டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் புகை. பற்றறியில் இருந்து ஒரு மெல்லிய வயர் நேராக உள்ளே வந்து, சுவிட்ச்சுக்குப் போய், திரும்பி ஃபானுக்குப் போயிருக்கு. இடையில் ஒரு பியூஸ்கூட இல்லை. வயர் போகிற வழியில் இரும்பு ஓட்டையின் விளிம்பு ரப்பரை அரைத்துவிட்டது. மாமா பற்றறிக் கம்பியைக் கழட்டினபடியால் லொறி மிஞ்சியது. வெங்காயம் ஒரு நாள் பிந்திப் போனது, விலை போய்விட்டது. அந்தப் போகத்தில் அந்த வீட்டில் ஒரு பிள்ளையின் ரியூசன் நின்றது. எங்களுக்கு இந்த விசயத்தின் கனம் அங்கேதான் விளங்கினது.

அந்த வயர் வீட்டு லைற்றுக்கு இழுக்கிற வயர், ஒரு சதுர மில்லிமீற்றர் அளவு. கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்பம். போக மூன்று மீற்றர், வர மூன்று மீற்றர், மொத்தம் ஆறு மீற்றர். 20 அம்பியர் ஓடும்போது அந்த வயரில் சுமார் 2 வோல்ட் காணாமல் போகும். 40 வாற் வெப்பம் வயரிலேயே வெளியாகும். பழைய 40 வாற் குண்டு பல்பைக் கையால் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சூடு என்று தெரியும். அந்தச் சூடு ரப்பருக்குள் அடைபட்டு, ஏற்கெனவே சூடான எஞ்சின் பக்கத்தில் கிடக்கும். ஃபானுக்குப் போகிற வோல்ட்டேஜ் ஏழில் ஒரு பங்கு குறைந்தபடியால் அதுவும் மெதுவாகச் சுத்தும். இன்னொன்று, வீட்டு வயருக்குள் இருப்பது தனிக் கம்பி. சுவருக்குள் அசையாமல் கிடக்கச் செய்தது. லொறிக் குலுக்கலில் முறியும்.

அதே இடத்தில் 4 சதுர மில்லிமீற்றர் வாகன வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட், வெப்பம் 10 வாற், அதுவும் ஆறு மீற்றர் முழுக்கப் பரவிவிடும். இது பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் பாடத்தில் நாங்கள் எல்லாரும் படித்த ஓமின் விதி. பரீட்சைக்கு எழுதினோம், லொறிக்குப் போடவில்லை.

சரியான முறை இதுதான். பற்றறியின் நேர் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ். 20 அம்பியர் ஃபானுக்கு 30 அம்பியர் பியூஸ், ஏனென்றால் ஃபான் சுத்தத் தொடங்குகிற கணத்தில் இரண்டு, மூன்று மடங்கு இழுக்கும். பியூஸ் காப்பாற்றுவது ஃபானை என்று பலர் நினைக்கினம். அது காப்பாற்றுவது வயரை. அதனால்தான் அது பற்றறிக்குப் பக்கத்தில் இருக்க வேணும். ஃபானுக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவில் வயர் இரும்பில் முட்டும்போது அதற்கு ஒன்றும் தெரியாது.

பியூசில் இருந்து ரிலேயின் 30 என்று இலக்கம் போட்ட காலுக்கு. 87 இல் இருந்து ஃபானுக்கு. ஃபானின் மற்ற முனை ஏர்த்துக்கு, பெயின்ரும் கறளும் சுரண்டின வெறும் இரும்பில், அல்லது இன்னும் நல்லது, நேராகப் பற்றறியின் எதிர் முனைக்கு. ரிலேயின் 86 க்கு சாவி போட்டால் வருகிற கரண்ட். 85 இல் இருந்து வெப்ப சுவிட்ச்சுக்கு, அதில் இருந்து ஏர்த்துக்கு. அவ்வளவுதான், நாலு கால். பெரிய கரண்ட் ரிலேக்குள்ளால் எஞ்சின் பக்கத்திலேயே போய்விடும். சின்ன வயரில் கால் அம்பியர்கூட ஓடாது. டாஷ்போர்ட்டுக்குள் நெருப்பு வர இடமே இல்லை.

வெப்ப சுவிட்ச் ஏன்? "முன்னுக்கு சுவிட்ச் இருக்கு, சூடாகினால் போடுவன்" என்பார்கள். நித்திரைக் கண்ணோடு இரவு மூன்று மணிக்கு மாங்குளம் தாண்டி ஓடுகிற மனிசனை மீற்றர் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வது நியாயம் இல்லை. தேர்மோஸ்ராற் 82 பாகையில் திறக்கத் தொடங்குகிற எஞ்சினுக்கு 95 இல் போட்டு 88 அளவில் நிப்பாட்டுகிற சுவிட்ச் பொருந்தும். அதைவிடக் குறைந்த வெப்பத்தில் போட்டால் ஃபான் ஓய்வில்லாமல் சுத்தும். கை சுவிட்ச்சும் வேணும் என்றால் 85 இன் பக்கம் வெப்ப சுவிட்ச்சுக்கு இணையாகப் பூட்டுங்கோ. மறந்தாலும் ஃபான் வேலை செய்யும்.

இறுதியில் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கோ. நேர், எதிர் வயரை மாத்திப் பூட்டினால் ஃபான் பின்பக்கமாகச் சுத்தும். லொறி ஓடும்போது வருகிற எதிர்க்காற்றை அது தள்ளி நிப்பாட்டும். ஃபானே இல்லாமல் ஓடுவதைவிட அது மோசம்.

24 வோல்ட்டில் ஒரு திருட்டு

ஜப்பான் லொறிகளில் பல 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பற்றறியைத் தொடுத்து ஓடுகின்றன. சந்தையில் மலிவாகக் கிடைப்பது கார் ஃபான், 12 வோல்ட். எனவே இரண்டு பற்றறியில் ஒன்றில் மட்டும் வயரைத் தட்டி எடுப்பார்கள். ஃபான் சுத்தும். சந்தோசம்.

அல்ரனேற்றருக்கு இது தெரியாது. அது இரண்டு பற்றறியையும் ஒன்றாகத்தான் சார்ஜ் பண்ணும். ஃபான் தின்கிற பற்றறி எப்போதும் பசியோடு இருக்கும், மற்றதுக்கு அளவுக்கு மீறி ஊட்டப்படும். ஒன்று சார்ஜ் இல்லாமல் சாகும், மற்றது தண்ணி வத்திச் சாகும். பிறகு "இந்தக் கொம்பனிப் பற்றறி சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டை. 24 வோல்ட் லொறிக்கு 24 வோல்ட் ஃபான் தேடுங்கோ, அல்லது அந்தக் கரண்ட்டைத் தாங்குகிற 24 இல் இருந்து 12 க்கு மாத்துகிற கருவி போடுங்கோ.

12 வோல்ட் லொறிக்கும் அல்ரனேற்றரின் கணக்கு இருக்கு. ஃபானுக்கு 20 அம்பியர், இரண்டு முன் லைற்றுக்கும் 9 அளவில், மழை வந்தால் வைப்பருக்கு 5. கிட்டத்தட்ட 35 அம்பியர். பழைய 50 அம்பியர் அல்ரனேற்றர் ஓடும்போது இதைக் கொடுக்கும். சும்மா நின்று உறுமும்போது அதில் பாதிதான் வரும். மீதியைப் பற்றறி தன் கையால் கொடுக்கும். ஒரு நாள் கொடுக்க இருக்காது.

சமாளிப்புக்கு ஒரு வரலாறு இருக்கு, அது தெரியும்

இதை எல்லாம் வாசிக்கிற பெரியாக்கள் சொல்வதை நாங்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: "தம்பியவை, பிள்ளையவை, நாங்கள் மண்ணெண்ணெயில் கார் ஓடின ஆக்கள்." உண்மை. 1990 களின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடைக்குள் குடாநாடு இருந்தபோது எரிபொருள், பற்றறி, சீமெந்து எல்லாம் தடைப் பட்டியலில். மின்சாரம் இல்லை. சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும், சைக்கிள் டைனமோவைச் சுத்திக் கேட்ட வானொலியும் எங்களுக்குக் கதையாகச் சொல்லித் தரப்பட்டவை. அந்த ஆக்கள் இல்லாவிட்டால் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டார். நாங்கள் அந்தக் கைகளை மதிக்கிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. அந்தக் காலத்தில் சமாளித்தவர்கள் பொருள் இல்லாதபடியால் சமாளித்தார்கள். எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பது நல்லாகத் தெரிந்தபடியால்தான் மண்ணெண்ணெயில் அதை ஓடவைக்க முடிந்தது. இன்றைக்கு ரிலேயும் பியூஸ் கூண்டும் காங்கேசன்துறை வீதியில் எந்த உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும். இரண்டு பேர் கொத்து ரொட்டி சாப்பிட்ட காசு. கிடைக்கிற பொருளைப் போடாமல் விடுவதற்கு அந்தத் தலைமுறையின் பெயரை இழுப்பது அவர்களுக்குச் செய்கிற அவமரியாதை. தடையின் காலத்தில் அது திறமை. தடை இல்லாத காலத்தில் அதே வேலை அலட்சியம்.

பிழை யாரில்?

மெக்கானிக் அண்ணையிலே பழியைப் போட்டுவிட்டுப் போகலாம். அது சுகமான வழி. நாங்கள் கதைத்த வயரிங் வேலைக்காரர் ஒருத்தர் சொன்னது: "ரிலே வைக்கத் தெரியாமல் இல்லைத் தம்பி. ரிலே வச்சுச் செய்தால் இவ்வளவு எண்டு சொல்லுவன். பக்கத்துக் கராச்சில அரைவாசிக்குச் செய்வாங்கள் எண்டு போட்டுப் போயிடுவினம்." வயர் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததுக்குக் காசு கொடுக்க எங்களுக்கு மனம் வராது. அதே ஆள் லொறியின் நெற்றியில் பெயர் எழுதவும் கலர் லைற் பூட்டவும் யோசிக்காமல் கொடுப்பார்.

அரசாங்கமும் அப்படித்தான். 2025 ஜனவரியில் "கிளீன் ஸ்ரீ லங்கா" தொடங்கினபோது பொலிஸ் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிக லைற்றுகளையும் அலங்காரங்களையும் கழட்டினது. வெளியில் மினுங்குவதைப் பிடித்தார்கள். உள்ளே பியூஸ் இல்லாமல் ஓடுகிற வயரை யாரும் தேடவில்லை. லொறிக்கு வருடாவருடம் தகுதிச் சான்றிதழ் எடுக்க வேணும். அந்தப் பரிசோதனையில் "பற்றறியில் இருந்து போகிற ஒவ்வொரு மேலதிக வயருக்கும் பியூஸ் இருக்கா" என்று ஒரு கேள்வி சேர்த்தால் போதும். பார்க்க இரண்டு நிமிசம் எடுக்கும்.

மூன்றாவது பங்கு எங்களுடையது. படிக்கிற ஆக்களுடையது. 1816 இல் அமெரிக்க மிசன் தெல்லிப்பழையில் பள்ளிக்கூடம் தொடங்கினது. அதே நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார், நூல்களைத் தமிழில் ஆக்கினார். உடற்கூற்றுக்கே தமிழ் போதும் என்று நூற்றைம்பது வருடத்துக்கு முதல் நிரூபித்த ஊர் இது. இன்றைக்கு ஒரு ரிலேயின் நாலு காலை விளக்குகிற ஒற்றைத் தாள் தமிழில் ஒரு கராச்சின் சுவரிலும் ஒட்டியிருக்கவில்லை. ஃபானோடு வருகிற தாள் சீன மொழியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அது பெட்டியோடு குப்பைக்குப் போகும்.

2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. 2016 இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியோடு தொழிற்பயிற்சி நிறுவனம் திறந்தது. அங்கே முறையாகப் படித்த பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருக்கினம். ஆனால் பதினாறு வயதில் கராச்சுக்குப் போன பெடியன் அங்கே போவதில்லை, அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறது அவன்ட குரு சொன்னதும் கண்ணால் பார்த்ததும்தான். அந்த அறிவு பெரிய அறிவு. சத்தத்தைக் கேட்டே எந்த வால்வ் என்று சொல்கிற ஆக்கள் அவர்கள். அது எழுத்தில் இல்லாதபடியால் நல்லதும் கெட்டதும் ஒன்றாகவே கைமாறுகிறது. சரியான முறை ஒருவரோடு சாகிறது, பிழையான முறை பத்துப் பேருக்குப் பரவுகிறது.

எழுதுவதுதானே எங்கட தொழில்? மொழியியலும் மொழிபெயர்ப்பும் படிக்கிறோம் என்று சொல்கிறோமே. மெக்கானிக்மாரோடு இருந்து அவர்கள் பாவிக்கிற சொல்லிலேயே, "மின்சுற்று உணர்த்தி" மாதிரி யாரும் பேசாத சொல் இல்லாமல், "ரிலே", "ஏர்த்", "பியூஸ்" என்றே ஒரு பக்கப் படம் வரைந்து கொடுக்கலாம். எங்கட குழுவில் இருக்கிற பெண் பிள்ளைகள் கராச்சுக்குள் போனபோது "நீங்கள் ஏன் பிள்ளை இதுக்குள்ள" என்று கேட்டார்கள். அரை மணித்தியாலம் கழித்து அதே ஐயா ரிலேயைக் கழட்டி உள்ளே காட்டிக்கொண்டிருந்தார். கேட்டால் சொல்லித் தருகிறார்கள். கேட்கிற ஆக்கள்தான் இல்லை.

லொறி வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறோம். இந்தக் கிழமை அப்பாவின் அல்லது மாமாவின் லொறியைத் திறந்து பற்றறியைப் பாருங்கோ. அதில் இருந்து கிளம்புகிற ஒவ்வொரு மேலதிக வயரையும் விரலால் தொட்டுக்கொண்டே போங்கோ. ஒரு சாணுக்குள் பியூஸ் வருகிறதா? வயர் இரும்பு ஓட்டைக்குள்ளால் போகிற இடத்தில் ரப்பர் வளையம் இருக்கா? ரேடியேற்றருக்குள் இருப்பது கிணத்துத் தண்ணியா, கூலன்ற்றா? மூன்றில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தால் அடுத்த லோட்டுக்கு முதல் கராச்சுக்குப் போங்கோ. அங்கே "சமாளிக்கலாம்" என்று சொன்னால், வடிவாகச் செய்ய எவ்வளவு என்று கேளுங்கோ. சொன்ன காசைப் பேரம் பேசாமல் கொடுங்கோ.